உறைபனியில் கோதுமை பிழைப்பதும் வாழை கருகுவதும் ஏன்? தாவரங்கள் குளிரைத் தாங்கும் விதம்

மும்பை: மாட்டுங்கா ரயில் நிலையத்தை ஒட்டிய கடைவீதியில் ஜனவரி மாதக் காலை வேளையில் வாழையிலைக் கட்டுகளும் கறிவேப்பிலையும் வாழைப்பூவும் ஒருபுறம் அடுக்கப்பட்டிருக்கும். மறுபுறம் பச்சைப் பட்டாணி, கேரட், முட்டைக்கோஸ், ஆப்பிள் ஆகியவை குவிந்திருக்கும். ஒரே வீதியில் விற்கப்பட்டாலும், குளிரைப் பொறுத்தவரை இவை இரு வேறு உலகங்களைச் சேர்ந்தவை. வாழையிலை உறைபனியை ஓர் இரவுகூடத் தாங்காது. ஆப்பிள் மரத்துக்கோ குளிர் கிடைக்காவிட்டால் ஒழுங்காகப் பூக்கவே தெரியாது.

மும்பையில் வாழ்வோருக்கு இந்த வேறுபாடு பெரிதாகத் தோன்றுவதில்லை. சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை, 1962-ஆம் ஆண்டு ஜனவரி 22-ஆம் தேதி பதிவான 7.4 டிகிரி செல்சியஸ் ஆகும். தாராவியில் பெயின்ட் டப்பாவில் வளரும் துளசியும், செம்பூர் மாடிகளில் தொட்டியில் நிற்கும் கறிவேப்பிலையும் உறைபனியைக் கண்டதே இல்லை. மூன்று புறமும் சூழ்ந்துள்ள கடல் பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் திருப்பித் தருகிறது. காற்றில் உள்ள ஈரப்பதம் தரையின் வெப்பம் வானத்துக்குத் தப்பிச் செல்வதைத் தடுக்கிறது. பகல் முழுவதும் சூடேறிய சிமென்ட் கட்டடங்களும் தம் பங்குக்கு இரவைக் கதகதப்பாக வைத்திருக்கின்றன.

எனினும், நகரை விட்டு மலையேறினால் நிலைமை மாறுகிறது. சாலை வழியாக மும்பையிலிருந்து ஏறக்குறைய 260 கிலோமீட்டர் தொலைவில் உள்ள மகாபலேஷ்வரில், வெண்ணா ஏரிப் பகுதியில் சில குளிர்கால அதிகாலைகளில் புல்லின் மீதும் ஸ்ட்ராபெர்ரி இலைகளின் மீதும் பனித்துளிகள் உறைந்து கிடப்பது வழக்கம். நாசிக் மாவட்டத்தின் நிஃபாட் வட்டாரத்தில், குளிர் அலை வீசும் இரவுகளில் திராட்சைத் தோட்ட உரிமையாளர்கள் கொடிகளுக்கு இடையே தீ மூட்டிக் காத்திருக்கின்றனர்.

நான்கு பனிகள், ஒரே சொல்

இந்தச் செய்திகளைத் தமிழாக்கும்போது ஒரு சிக்கல் எழுகிறது. தமிழில் 'பனி' என்ற ஒரே சொல் பல பொருள்களைச் சுமக்கிறது. காற்றில் தொங்கும் நுண்துளிகள் மூடுபனி. இலையின் மீது முத்துப்போல் திரளும் நீர், நீர்ப்பனி. அதே நீர் வெண்ணிறப் படிகமாக இறுகினால் உறைபனி. மேகத்திலிருந்து விழுவது வெண்பனி. இவற்றுள் 'பொழிவு' என்ற சொல் கடைசி வகைக்கு மட்டுமே பொருந்தும். உறைபனி வானிலிருந்து பொழிவதில்லை. இலையின் மேற்பரப்பிலேயே உருவாகிறது. செய்திகளில் அடிக்கடி இடம்பெறும் 'உறைபனிப் பொழிவு' என்ற தொடர் காதுக்குப் பழகிவிட்டது என்றாலும், நிகழ்வதை அது தவறாகச் சொல்கிறது.

நீலகிரி மக்கள் இந்த வேறுபாட்டைத் துல்லியமாக அறிவார்கள். மழை ஓய்ந்து வானம் தெளியும் நவம்பர் மாதத்தில் முதலில் நீர்ப்பனி இறங்கும். டிசம்பரிலும் ஜனவரியிலும் உறைபனி தொடரும் என்பது அங்குள்ள வழக்கமான கணக்கு. சில ஆண்டுகளில் அது பிப்ரவரி வரையும் நீள்வது உண்டு. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்ற பழமொழி சமவெளிக்காரர்களுக்கு மிகையாகத் தோன்றலாம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகமண்டலத்தில் அது வெறும் தகவல்.

அங்கு நிகழ்வது இதுதான். மேகமற்ற, காற்றற்ற இரவில் தரையும் செடிகளும் தம் வெப்பத்தைக் கதிர்வீச்சாக வானத்துக்கு இழக்கின்றன. அவற்றைத் தொட்டிருக்கும் காற்று குளிர்ந்து கனமாகி, தண்ணீரைப் போலவே சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. இதனால்தான் தலைகுந்தா, காந்தல் போன்ற தாழ்வான இடங்களும் குதிரைப் பந்தய மைதானமும் வெளுத்துக் கிடக்கும் காலையில், அருகிலுள்ள மேட்டு நிலம் பசுமையாகவே இருக்கிறது. வானிலை நிலையத்தின் வெப்பமானி தரையிலிருந்து ஓர் ஆள் உயரத்தில், நிழலுக்குள் வைக்கப்பட்டிருக்கும். அது 3 டிகிரி என்று காட்டும்போதே புல்லின் நுனி பூஜ்ஜியத்துக்குக் கீழே சென்றிருக்கலாம். 'வெப்பநிலை பூஜ்ஜியத்தைத் தொடவில்லையே, பயிர் எப்படிக் கருகியது' என்ற கேள்விக்கு விடை இங்கேயே இருக்கிறது.

காற்று மிகவும் வறண்டிருந்தால் வெள்ளைப் படலமே தோன்றாமல் செடி உறைந்துவிடுவதும் உண்டு. காலையில் வெளுப்பு எதுவும் தெரியாது. மதியத்துக்குள் இலை கறுத்துத் தொங்கும். கண்ணுக்குத் தெரியும் வெள்ளைப் பனியை விட இதுவே ஆபத்தானது. ஏனெனில் நீராவி பனிக்கட்டியாக மாறும்போது சிறிதளவு வெப்பத்தையாவது வெளிவிடுகிறது. வறண்ட காற்றில் அந்த உதவியும் இல்லை.

செல்லுக்குள் நடப்பது என்ன?

உறைந்த நீர் விரிவடைந்து செல்களை வெடிக்கச் செய்வதால் செடி இறக்கிறது என்பதே பரவலான நம்பிக்கை. ஆனால் பெரும்பாலான நேரங்களில் அப்படி நடப்பதில்லை. பனிக்கட்டி முதலில் தோன்றுவது செல்லுக்கு உள்ளே அல்ல. செல்களுக்கு இடையே உள்ள வெற்றிடங்களில்தான். அங்குள்ள நீர் ஏறக்குறையத் தூய நீர் என்பதால் அது முந்திக்கொண்டு உறைகிறது. செல்லுக்குள் இருக்கும் நீரில் சர்க்கரையும் உப்புகளும் கரைந்திருப்பதால் அது உறையச் சற்றுக் கூடுதல் குளிர் தேவை.

வெளியே பனிக்கட்டி தோன்றியதும், அது செல்லுக்குள் இருக்கும் நீரைத் தன்பால் இழுக்கத் தொடங்குகிறது. நீர் வெளியேற வெளியேறச் செல் சுருங்குகிறது. உள்ளே கரைந்துள்ள பொருள்களின் செறிவு ஏறுகிறது. செல்லைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வு மடிந்து, ஒட்டி, கிழிகிறது. விளைவை வைத்துப் பார்த்தால் உறைபனி என்பது ஒருவகை வறட்சியே. உறைபனியைத் தாங்கும் தாவரங்களில் பல, வறட்சியையும் ஓரளவு தாங்குவது தற்செயல் அல்ல. பனிக்கட்டி செல்லுக்குள்ளேயே உருவாகிவிட்டால் மட்டும் எந்தத் தற்காப்பும் பலிக்காது. அந்தச் செல் இறந்ததாகவே கொள்ளலாம்.

இதில் நுண்ணுயிரிகளுக்கும் ஒரு பங்கு உண்டு. தூசியோ கீறலோ இல்லாத தூய நீர்த்துளி, பூஜ்ஜியத்துக்குக் கீழே 30 டிகிரிக்கு மேல் சென்றும் உறையாமல் திரவமாகவே இருக்கக்கூடியது. உறைவதற்கு அதற்கு ஒரு தொடக்கப்புள்ளி வேண்டும். இலைகளின் மீது வாழும் சூடோமோனாஸ் சிரிஞ்சே என்ற பாக்டீரியா அந்தத் தொடக்கப்புள்ளியாகச் செயல்படுகிறது. அதன் மேற்பரப்பில் உள்ள புரதம், மைனஸ் 2 டிகிரி அளவிலேயே நீரை உறையச் செய்துவிடுகிறது. இந்தப் புரதத்துக்கான மரபணு நீக்கப்பட்ட பாக்டீரியாவை 1987-ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் ஸ்ட்ராபெர்ரி வயலில் தெளித்துச் சோதித்தனர். மரபணு மாற்றம் செய்யப்பட்ட நுண்ணுயிரி அனுமதியுடன் திறந்த வெளியில் விடப்பட்ட முதல் நிகழ்வுகளுள் அது ஒன்று. அன்று எழுந்த எதிர்ப்பும் விவாதமும் பயிரை விடப் பெரிதாக வளர்ந்தன என்பது வேறு கதை.

குளிருக்குப் பழகும் கலை

குளிரைத் தாங்கும் தாவரங்கள் ஆண்டு முழுவதும் அதே வலிமையுடன் இருப்பதில்லை. கோடையில் பிடுங்கி உறைய வைத்தால் கம்புக்கோதுமை எனப்படும் ரை பயிரும் சில டிகிரி குளிரிலேயே இறந்துவிடும். இலையுதிர் காலத்தின் மிதமான குளிரில் சில வாரங்கள் பழகிய பிறகு அதே பயிர் மைனஸ் 30 டிகிரி வரை உயிர் பிழைக்கிறது. இடைப்பட்ட வாரங்களில் அந்தச் செடி தன்னை உள்ளிருந்து மாற்றியமைத்துக்கொள்கிறது.

முதல் மாற்றம் சவ்வில் நிகழ்கிறது. நம் வீட்டில் தேங்காய் எண்ணெய் குளிர்காலத்தில் உறைந்துவிட, கடலை எண்ணெய் திரவமாகவே இருப்பதைப் பார்க்கிறோம். இதற்குக் காரணம், கடலை எண்ணெயில் நிறைவுறாத கொழுப்பு அமிலங்கள் அதிகம் இருப்பதே. குளிருக்குப் பழகும் செடி, தன் செல் சவ்வில் உள்ள கொழுப்பை 'தேங்காய் எண்ணெய்' நிலையிலிருந்து 'கடலை எண்ணெய்' நிலைக்கு மாற்றிக்கொள்கிறது என்று சொன்னால் பெரிய பிழையாகாது. நெகிழ்வான சவ்வு, சுருங்கி விரியும்போது கிழிவதில்லை.

இரண்டாவதாக, செடி தன்னிடமுள்ள மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகிறது. குளிர்கால கேரட்டும் பட்டாணியும் இனிப்பதில் இதற்கும் பங்கு உண்டு. உருளைக்கிழங்கைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இனித்துப்போவதும், வறுக்கும்போது அளவுக்கு மீறிக் கறுத்துப்போவதும் இதே காரணத்தால்தான். ஆனால் சர்க்கரை வெறும் உறைதடுப்பானாக மட்டும் செயல்பட்டால் பயன் குறைவு. எவ்வளவு கரைத்தாலும் அது உறைநிலையைச் சில டிகிரிதான் இறக்கும். அதன் உண்மையான வேலை, நீர் வெளியேறிய இடத்தில் நின்று சவ்வையும் புரதங்களையும் தாங்கிப் பிடிப்பது. இதே பணியைச் செய்யும் தனிப் புரதங்களும் குளிர் நாள்களில் உருவாகின்றன. ரை போன்ற பயிர்களில் வேறொரு வகைப் புரதம், தோன்றிவிட்ட பனிப் படிகத்தின் மீது ஒட்டிக்கொண்டு அது பெரிதாக வளர்வதைத் தடுக்கிறது.

இவை அனைத்தையும் தொடங்கிவைக்கும் மரபணுச் சாவியை, 1990-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் தோமாஷோ குழுவினர் கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அரபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் கண்டறிந்தனர். சி.பி.எஃப். எனப்படும் இந்த மரபணுக்கள், செடியைக் குளிரில் வைத்த ஏறக்குறைய 15 நிமிடங்களிலேயே விழித்துக்கொள்கின்றன. அவை நூற்றுக்கும் மேற்பட்ட பிற மரபணுக்களின் இயக்கத்தை மாற்றுகின்றன. வியப்புக்குரிய செய்தி என்னவெனில், தக்காளியிலும் இதே வகை மரபணுக்கள் உள்ளன. குளிர் பட்டதும் அவையும் விழிக்கின்றன. ஆனால் அவற்றின் அழைப்பைக் கேட்டு எழும் மரபணுக்கள் தக்காளியில் மிகக் குறைவு. எனவே தக்காளி குளிருக்குப் பழகுவதில்லை.

உறையாமலே பாதிக்கப்படும் வாழை

வெப்ப மண்டலத் தாவரங்களின் துன்பம் பூஜ்ஜியத்துக்கு வெகு மேலேயே தொடங்கிவிடுகிறது. வாழைப்பழத்தை 13 டிகிரிக்குக் கீழே வைத்தால் பழுக்கும் வேலை சீர்குலைந்து தோல் மங்கிக் கறுக்கிறது. உறைதல் எதுவும் இங்கு நிகழவில்லை; செல் சவ்வு இறுகிப்போவதால் அதன் வழியே நடக்கும் பணிகள் குலைகின்றன. கப்பல்களில் வாழைக்காய் 13 முதல் 14 டிகிரி வரையிலான வெப்பநிலையில் கொண்டு செல்லப்படுவது இதனால்தான். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் 4 டிகிரி அதற்கு ஏற்ற இடமே அல்ல. டெல்லியில் குடியேறிய தமிழர்கள் ஆசையுடன் வளர்க்கும் கறிவேப்பிலைச் செடி ஜனவரியில் இலையுதிர்த்து மொட்டையாக நிற்பதும், மும்பையில் அது பசுமையாகவே இருப்பதும் இந்தச் சில டிகிரி வேறுபாட்டின் விளைவே.

ஆப்பிளின் கதை இதற்கு நேர்மாறானது. காஷ்மீர், இமாச்சலப் பிரதேசத்தின் வழக்கமான ஆப்பிள் ரகங்களுக்கு, 7 டிகிரிக்குக் கீழான வெப்பநிலையில் ஏறக்குறைய ஆயிரம் மணி நேரம் உறக்கம் தேவை. இடையில் ஒரு வெயில் நாள் வந்ததும் ஏமாந்து பூத்துவிடாமல் இருக்க, மரம் குளிர்ந்த மணிகளை எண்ணிக்கொண்டிருக்கிறது என்றே சொல்ல வேண்டும். இமாச்சலத்தின் பிலாஸ்பூர் மாவட்ட விவசாயி ஹரிமன் சர்மா உருவாக்கிய எச்.ஆர்.எம்.என்.-99 ரகம், குறைந்த குளிரே போதுமானது என்பதால் சமவெளி மாநிலங்களிலும் பயிரிடப்படுகிறது. அவருக்கு 2025-ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

முதலில் கருகுவது கொழுந்து

தேயிலை இந்த இரு எல்லைகளுக்கும் நடுவில் நிற்கிறது. அதன் முதிர்ந்த இலைகள் தடித்தவை. லேசான உறைபனியைச் சமாளித்துவிடும். இளங்கொழுந்தில் நீர் அதிகம், தோல் மெல்லியது. எனவே உறைபனி முதலில் எரிப்பது அதைத்தான். விவசாயி விற்பதும் அதைத்தான். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பறிக்கப்படும் பசுந்தேயிலையை நம்பியே நீலகிரியின் சிறு விவசாயிகள் வாழ்கின்றனர். ஒரே இரவில் செடி சாவதில்லை. ஆனால் கருகிய கொழுந்தை வெட்டி எறிந்துவிட்டு, அடுத்த துளிருக்காகக் காத்திருக்க வேண்டும். பறிக்க இலை இல்லாத வாரங்களில் பறிப்பவருக்கும் வேலை இல்லை. 2019-ஆம் ஆண்டு ஜனவரியில் கேரளத்தின் மூணாறு பகுதியில், தமிழ்த் தொழிலாளர்கள் பெருமளவில் பணிபுரியும் தேயிலைத் தோட்டங்கள் தொடர் உறைபனியால் பழுப்பேறின.

கருகலுக்குக் காரணம் இரவு மட்டும் அல்ல. உறைந்த இலையின் மீது காலை வெயில் நேரடியாக விழும்போது சேதம் பெருகுகிறது. குளிரில் விறைத்த இலையால் ஒளியை உணவாக்க முடியாது. பயன்படாத அந்த ஆற்றல் இலையையே அரிக்கும் வேதிப்பொருள்களை உருவாக்குகிறது. வேரும் குளிர்ந்திருப்பதால் ஆவியாகும் நீரை ஈடுசெய்ய இயலாது. எனவே வெயில் ஏறும் முன் இலையிலிருந்து உறைபனியை அகற்றுவது முக்கியம். 1848-இல் தொடங்கப்பட்ட உதகை அரசு தாவரவியல் பூங்காவில், குளிர்காலத்தில் அதிகாலையில் புல்வெளிக்கும் செடிகளுக்கும் தண்ணீர் தெளிப்பது இதற்காகவே. அலங்காரச் செடிகளை மிலார் செடிகளைக் கொண்டு மூடிவைக்கும் வழக்கமும் அங்கு உண்டு. அந்தப் போர்வை சூடு தருவதில்லை. செடிக்கும் திறந்த வானத்துக்கும் இடையே ஒரு கூரையாக நின்று வெப்ப இழப்பைத் தடுக்கிறது. இளம் தேயிலைச் செடிகளைப் பெரணி இலைகளால் மூடுவதும், தோட்டத்தில் சில்வர் ஓக் மரங்களை நிழலுக்கு விடுவதும் இதே முறையில் பயன் தருகின்றன.

வெளிநாடுகளில் பழத்தோட்டங்களை இரவு முழுவதும் தண்ணீர் தெளித்தே காப்பாற்றுகின்றனர். கேட்பதற்கு முரணாகத் தோன்றும் இந்த முறையில் ஒரு கணக்கு உள்ளது. ஒரு கிராம் நீர் உறையும்போது 80 கலோரி வெப்பத்தை வெளிவிடுகிறது. தெளிப்பு தொடரும் வரை இலையைச் சுற்றியுள்ள ஈரப்படலம் பூஜ்ஜியத்திலேயே நிற்கும். செல்லின் சாறு உறைய அதற்கும் கீழே செல்ல வேண்டும் என்பதால் மொட்டு பிழைத்துக்கொள்ளும். ஆனால் நள்ளிரவில் மோட்டார் நின்றுவிட்டால், ஆவியாகும் நீர் உறையும் நீர் தந்ததை விடப் பன்மடங்கு வெப்பத்தை இலையிலிருந்து பறித்துவிடும். மின்தடை உள்ள ஊரில் இது துணிச்சலான முடிவுதான். நாசிக் விவசாயிகள் மூட்டும் தீயில் புகையை விட, அதன் சூடும் அது கிளப்பும் காற்றோட்டமுமே அதிகம் உதவுகின்றன. புகைத் துகள்கள் மிக நுண்ணியவை என்பதால் தரையின் வெப்பக் கதிர்களை அவற்றால் பெரிதாகத் தடுக்க முடியாது.

உறைபனியைத் தாங்கும் ரகங்களை உருவாக்கும் முயற்சியும் பழையதே. மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் 1968-இல் வெளியிட்ட 'குப்ரி ஷீத்மான்' ரகத்தின் பெயரிலேயே குளிர் இருக்கிறது. சாதாரண உருளைக்கிழங்குச் செடி மைனஸ் 3 டிகிரி அளவில் கருகிவிடும். தென் அமெரிக்காவின் காட்டு உறவினமான சோலானம் கொமர்சோனி, குளிருக்குப் பழகிய பின் மைனஸ் 10 டிகிரியையும் தாண்டிப் பிழைக்கிறது.

சோலைக்கும் புல்வெளிக்கும் எல்லை வகுப்பது யார்?

வெப்பம் கூடிவரும் உலகில் உறைபனிச் சேதம் தானாகவே மறைந்துவிடும் என்று கருதுவதற்கில்லை. பழகுவதற்கு வேண்டிய மிதமான குளிர் நாள்கள் குறைந்து, இதமான வானிலைக்கு இடையே திடீரென ஓர் உறைபனி இரவு வந்தால், ஆயத்தமில்லாத செடிக்கு அது கூடுதல் ஆபத்து. முன்கூட்டியே துளிர்த்துவிட்ட மரங்களுக்கும் இதே கதிதான்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிப் பகுதிகளில் உறைபனி இன்னொரு பணியையும் செய்து வருகிறது. அங்கு மடிப்புகளில் சோலைக்காடும், அதை ஒட்டி மரமே இல்லாத புல்வெளியும் கோடு கிழித்ததுபோல் பிரிந்து நிற்கின்றன. அந்தக் கோட்டை வகுப்பது எது என்ற கேள்வி, வன அதிகாரி சி.ஆர். ரங்கநாதன் 1938-இல் நீலகிரி பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரையின் காலத்திலிருந்தே விவாதிக்கப்படுகிறது. புல்வெளியில் முளைக்கும் சோலை மரக் கன்றுகளை உறைபனி கொன்றுவிடுகிறது என்பது அவர் தந்த விளக்கம்.

பெங்களூருவில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தைச் சேர்ந்த அதுல் ஜோஷி, ஜெயஸ்ரீ ரத்னம், மகேஷ் சங்கரன் ஆகியோர் 2020-இல் வெளியிட்ட களஆய்வு இதற்கு வலுச் சேர்த்தது. சோலைக்குள் மரக்கூரை வெப்பத்தைப் பிடித்து வைப்பதால் கன்றுகள் பிழைக்கின்றன. சில அடிகள் தள்ளித் திறந்த புல்வெளியில் குளிர்கால இரவுகள் அவற்றைத் தங்க விடுவதில்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட சீகை மரத்தின் கன்றுகளோ அதே புல்வெளியில் உறைபனியைப் பெரிதும் தாங்கி நிற்கின்றன. இரவுகள் வெப்பமடைந்தால் இந்த மரங்களின் பரவல் இன்னும் எளிதாகும் என்று அந்த ஆய்வு எச்சரிக்கிறது. நீலகிரி வரையாடு மேய்வது அந்தப் புல்வெளியில்தான்; மழைநீரை உறிஞ்சி வைத்து, மலையடிவார ஆறுகளுக்கு மெல்ல விடுவதும் அந்த நிலமே.